பாட்டும் நடிப்பும்: பிராங்க் சினாட்ராவின் கலை வாழ்வு

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றினர் நம் முன்னோர். மூன்றும் தனித்தனித் துறைகளாயினும், ஒன்றன் துணையின்றி மற்றொன்று நிறைவு பெறாதென்பது அவ்வகுப்பின் உட்பொருள் எனலாம். சொல்லின் பொருளை உணராதான் பாடும் பாட்டு வெறும் ஓசையாய் ஒழியுமேயன்றிக் கேட்பார் உள்ளத்தைப் பற்றாது. ஓசையின் ஏற்றத்தாழ்வை அறியாதான் மேடையிற் பேசும் பேச்சும் அவ்வாறே பயனின்றிக் கழியும். இவ்வுண்மை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் மெல்லிசை பாடிப் பெரும்புகழ் எய்தி, சினிமாவிலும் நடித்துப் பரிசு பெற்ற பிராங்க் சினாட்ரா என்பாரின் வாழ்விலும் இதனைத் தெளிவாகக் காண்கிறோம். அவ்வாழ்வை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரிச் சஞ்சிகையில் மெல்லிசைப் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். மெல்லிசை என்பது சாஸ்திரீய சங்கீதத்தைப் போல இலக்கண வரம்பும் நெடும்பயிற்சியும் வேண்டாதது என்பதும், சந்தையிற் பண்டம் போல விற்கப்படுவது என்பதும் அவர்கள் கூறும் குறைகளாம். இவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் எதனைக் கேட்டு மகிழ்கின்றனரோ, எதனைக் கேட்டுக் கண்ணீர் உகுக்கின்றனரோ, அதனை ஆராயாது விடுதல் கல்விக்கு அழகன்று. அன்றியும் இவர் 1944-இல் புகழின் உச்சியில் நின்றார். 1952-இல் ஏறக்குறைய எல்லாராலும் கைவிடப்பட்டார். 1954-இல் முன்னிலும் உயர்ந்த நிலையில் எழுந்தார். விழுந்ததற்குக் காரணம் யாது? எழுந்ததற்குக் காரணம் யாது? அதிர்ஷ்டம் என்னும் ஒரு சொல்லால் இரண்டையும் ஒதுக்கிவிடலாமோ? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுவோமாயின், பாடுவார்க்கேயன்றி எத்தொழிலை மேற்கொள்வார்க்கும் பயன்படும் செய்திகள் சில கிடைக்கும்.

பிறப்பும் இளமையும்

நியூயார்க் நகருக்கு எதிரே, ஹட்ஸன் ஆற்றின் மறுகரையில், ஹோபோக்கன் என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. கப்பல் தொழிலாளரும், ஐரோப்பாவினின்று குடியேறிய ஏழைகளும் நிறைந்து வாழ்ந்த அவ்வூரில் 1915-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி சினாட்ரா பிறந்தார். தந்தையார் ஸிஸிலித் தீவினின்று வந்தவர். முன்னர்க் குத்துச்சண்டை செய்து, பின்னர்த் தீயணைக்கும் படையில் ஊழியம் பெற்றவர். தாயார் வட இத்தாலியைச் சார்ந்தவர். மருத்துவச்சியாகவும், தம் வட்டாரத்தில் அரசியற் கட்சிக்கு வாக்குத் திரட்டுபவராகவும் விளங்கிய உறுதி மிக்க பெண்மணி. இவ்விருவர்க்கும் சினாட்ரா ஒரே மகன்.

பிறப்பே இவருக்குப் போராட்டமாயிற்று. குழந்தை மிகப் பருத்திருந்தமையால் மருத்துவர் இடுக்கியாற் பற்றி இழுக்க நேர்ந்தது. அதனால் முகத்தின் இடப்புறத்தும் காதிலும் கழுத்திலும் உண்டான வடுக்கள் இறுதிவரை மறைந்தில. செவிப்பறையும் துளைபட்டது. இசையால் வாழவிருந்த ஒருவர் பழுதுற்ற செவியோடு உலகிற் புகுந்தார் என்பது வியக்கத்தக்கதே. இக்குறை காரணமாகவே 1943-இல் இவர் போர்ச் சேவைக்குத் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டார்.

பள்ளிப் படிப்பில் இவர் மனம் சென்றிலது. உயர்தரப் பள்ளியை முடியாமலே விட்டு நீங்கினார். இசையிலும் முறையான பயிற்சி இல்லை. ஸ்வரக் குறிப்புகளைப் பார்த்துப் பாடும் ஆற்றலை இவர் ஒருபோதும் செவ்வனே பெற்றாரில்லை. பிங் கிராஸ்பி என்னும் பாடகரின் இசைத்தட்டுகளைக் கேட்டு அவரைப் போலத் தாமும் ஆகவேண்டுமென்று கருதியதே முதற் கல்வி. 1935-இல் உள்ளூர் இளைஞர் மூவரோடு சேர்ந்து, புதிய பாடகர்க்கென ரேடியோவில் நடத்தப்பெற்ற ஒரு போட்டியிற் பாடிப் பரிசு பெற்றார். அதன் பின்னரும் வாழ்வு எளிதாகவில்லை. சாலையோரத்து உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராகவும் பாடுபவராகவும் வாரம் 15 டாலர் ஊதியத்திற்கு உழைத்தார். அவ்விடுதியின் இசை ரேடியோவில் ஒலிபரப்பாகும் என்பதே இவர் அவ்வேலையை விடாது பற்றியதற்குக் காரணம். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1939-இல் ஹாரி ஜேம்ஸ் என்னும் வாத்தியக் குழுத் தலைவர் இவர் குரலைக் கேட்டு, வாரம் 75 டாலர் ஊதியத்திற்குத் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார்.

ஒலிவாங்கி செய்த மாற்றம்

இவர் கலையை அறிதற்கு முன், மெல்லிசை அக்காலத்து எந்நிலையில் இருந்தது என்பதை அறிதல் வேண்டும். 1925-ஆம் ஆண்டிற்கு முன்னர் இசைத்தட்டுப் பதிவு செய்வோர் ஒரு பெரிய குழலின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாடவேண்டியிருந்தது. மெல்லிய குரல் மெழுகிற் பதியாது. நாடக மேடைகளிலும் கடைசி வரிசையில் இருப்போர்க்கும் கேட்கும்படி தொண்டை கிழியப் பாடுவோரே பாடகர் எனப்பட்டனர். 1925-இல் மின்சார முறைப் பதிவு தோன்றிற்று. மைக்ரோபோன் என்னும் ஒலிவாங்கி, பெருமூச்சையும் முணுமுணுப்பையும் கூடப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. ஆகவே பாடுவோன் ஆயிரம் பேர் நிறைந்த அரங்கில் நின்றும், ஒருவர் காதருகே மெல்லப் பேசுவது போலப் பாடுதல் கூடும் என்னும் நிலை உண்டாயிற்று.

இம்மாற்றத்தின் பயனை முதலில் நன்கு உணர்ந்தவருள் தலையாயவர் மேலே கூறிய கிராஸ்பி. அவர் வழியைப் பின்பற்றி, அதனினும் அப்பாற் சென்றவர் சினாட்ரா. ஒலிவாங்கியை இவர் ஒரு கருவியாக மட்டும் எண்ணினாரில்லை. வயலின் வாசிப்பார்க்கு வயலின் எத்தகையதோ, தமக்கு அஃது அத்தகைய வாத்தியமே எனக் கருதினார். வல்லோசையுள்ள எழுத்துக்கள் அதிற் படுங்கால் வெடிப்பது போன்ற ஒலி எழும். அவ்விடங்களில் முகத்தைச் சிறிது திருப்பியோ, கருவியைச் சிறிது விலக்கியோ அக்குறையை நீக்கினார். உரத்த பகுதியில் அகன்றும், மெல்லிய பகுதியில் அணுகியும் பாடி, கேட்போர் ஒவ்வொருவரும் தமக்கென்றே பாடப்படுவதாக எண்ணும்படி செய்தார். இயந்திரம் கலையைக் கெடுக்கும் என்று கூறுவோர் பலர். இயந்திரத்தின் இயல்பை நுணுகி அறிந்தான் கையில் அது கலைக்குப் புதிய வாயிலைத் திறக்கும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

மூச்சுப் பயிற்சி

1940-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சினாட்ரா, டாமி டார்ஸி என்பாரின் பெரிய வாத்தியக் குழுவிற் பாடலானார். டார்ஸி டிராம்போன் என்னும் துளைக்கருவி வாசிப்பதில் வல்லவர். இடையே மூச்சு வாங்குவதாகவே தோன்றாமல் நெடிய இசைத்தொடர்களை ஒரே இழையாக வாசிக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவர் பின்னே மேடையில் அமர்ந்திருந்த சினாட்ரா அவர் முதுகையும் வாயோரத்தையும் நாள்தோறும் கூர்ந்து நோக்கினார். உதட்டின் ஓரத்தில் ஊசித்துளையளவு இடம் விட்டு, இசை அறாதபடியே அவர் சிறிது சிறிதாக மூச்சு வாங்குகிறார் என்று கண்டுகொண்டார். இம்முறையைத் தம் குரலிற் கொணர விரும்பி, நீச்சற் குளத்தில் நீருள் மூழ்கி நீந்தியும், திறந்த வெளியில் ஓடியும் நுரையீரலுக்கு வலிமை தேடினார்.

இப்பயிற்சியால் விளைந்த பயன் யாது? பெரும்பாலான பாடகர் இசையடி முடியும் இடத்தில் மூச்சு வாங்குவர். அவ்விடம் பொருள் முடியும் இடமாகப் பலகால் இராது. ஆகவே வாக்கியம் நடுவிற் பிளவுபட்டு, பொருள் சிதையும். சினாட்ராவோ பொருள் எங்கே முடிகிறதோ அங்கேயே நிறுத்துவார். இரண்டு அடிகளை ஒரே மூச்சில் இணைத்துப் பாடுவார். பாட்டின் சொற்களை முதலில் இசையின்றித் தனியே படித்துப் பார்ப்பதும், எச்சொல்லை அழுத்துவது, எச்சொல்லை மெல்ல விடுவது என்று ஆராய்வதும் இவருடைய வழக்கம். நன்கு பேசத் தெரிந்த ஒருவர் தம் உள்ளத்தைத் திறந்து கூறுவது போல இவர் பாட்டு அமைந்தமைக்கு இதுவே காரணம். பின்னாளில் இவர் நடிப்பிற் சிறந்ததற்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்பது நம் துணிபு.

புகழ்ப் பெருக்கு

அக்காலத்து வாத்தியக் குழுக்களில் தலைவரே முதன்மை பெறுவார். பாடுபவர் மேடையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்து, நடுவே எழுந்து ஒரு பகுதியைப் பாடிவிட்டு மீண்டும் அமர்ந்துவிடுவார். 1940-இல் டார்ஸி குழுவோடு சினாட்ரா பாடிய ஒரு பாட்டு, 'பில்போர்ட்' பத்திரிகை அவ்வாண்டு முதன்முதல் வெளியிட்ட இசைத்தட்டு விற்பனை வரிசையில் 12 வாரம் முதலிடம் பெற்றது. தாமே தனித்து நிற்கவியலும் என்று உணர்ந்த இவர் 1942-இல் குழுவினின்று விலகினார்.

விலகிய காலமும் ஏற்றதாயிருந்தது. 1942 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அமெரிக்க வாத்தியக்காரர் சங்கத்தினர், தமக்குரிய பங்கு கிடைக்கும்வரை இசைத்தட்டுப் பதிவிற்கு வாசிப்பதில்லை என வேலைநிறுத்தம் செய்தனர். பாடகர் அச்சங்கத்தினர் அல்லராதலின் அவர்கள் பாடத் தடையில்லை. 1943-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சினாட்ரா முதலிற் பாடியவை வாத்தியமேயின்றி, பாடற்குழுவின் குரல்களையே பக்கத்துணையாகக் கொண்டு பதிவு செய்யப்பட்டவை. வாத்தியக் குழுக்கள் மௌனமாயிருந்த அவ்விடைவெளியில் பாடகர் முன்வந்து நின்றனர். பிறகு அவர்களைப் பின்னே தள்ள எவராலும் இயலவில்லை.

1942 டிசம்பர் 30-இல் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கில் சினாட்ரா தோன்றியபோது எழுந்த ஆரவாரம் எவரும் எதிர்பாராதது. பள்ளிச் சிறுமியரும் இளம்பெண்களும் அழுதும் கூவியும் மயங்கியும் விழுந்தனர். 1944 அக்டோபர் 12-இல் அதே அரங்கில் மீண்டும் பாடியபோது, உட்புகுந்தோர் ஒரு காட்சி முடிந்தும் எழாது அடுத்த காட்சிக்கும் அமர்ந்துவிட, வெளியே காத்திருந்த பல்லாயிரவர் பொறுமையிழந்து தெருவில் கலகம் விளைத்தனர். காதலரும் சகோதரரும் போர்முனைக்குச் சென்றுவிட, தனித்திருந்த இளம்பெண்களின் ஏக்கத்திற்கு இவர் குரல் ஒரு புகலிடமாயிற்று என்று கூறுதல் பொருந்தும்.

பாடகரைப் படத்திற் சேர்த்து லாபம் பெறுவது ஹாலிவுட்டில் புதிதன்று. 1927-இல் வெளிவந்த 'ஜாஸ் ஸிங்கர்' என்னும் படத்தில் ஆல் ஜால்ஸன் பாடியது முதலே அவ்வழக்கம் தொடங்கிவிட்டது. சினாட்ராவும் அவ்வாறே சேர்க்கப்பட்டார். 1945-இல் ஜீன் கெல்லியுடன் நடித்த 'ஆங்கர்ஸ் அவே', 1949-இல் நடித்த 'ஆன் தி டவுன்' ஆகிய படங்கள் களிப்பூட்டுவன. கெல்லிக்கு ஈடாக நடனமாடுவதற்கென இவர் பல வாரம் கடுமையாக உழைத்தார். எனினும் இப்படங்களில் இவர் பெரும்பாலும் கூச்சமுள்ள இளைஞராக வந்து பாடிச் செல்பவரேயன்றி, நடிகர் எனத்தக்க வாய்ப்புப் பெற்றவரல்லர்.

வீழ்ச்சி

யானைக்கும் அடி சறுக்கும் என்பர். 1940-களின் இறுதியில் சறுக்கல் தொடங்கிற்று. இதற்குக் காரணங்கள் பல. போர் முடிந்து வீரர் திரும்பினர். மயங்கி விழுந்த சிறுமியர் இல்லறத்திற் புகுந்தனர். ஏக்கப் பாட்டுக்களுக்கு இருந்த தேவை குறைந்தது. புதிய பாடகர் தோன்றினர். 1947-இல் ஒரு பத்திரிகை எழுத்தாளரை அடித்து வழக்கிற்கு உள்ளானதும், முதல் மனைவியைப் பிரிந்து 1951-இல் நடிகை ஏவா கார்ட்னரை மணந்ததும் பத்திரிகைகளின் கடுங்கண்டனத்தை வருவித்தன. கொலம்பியா கம்பெனியின் புதிய அதிகாரி இவர் இயல்பிற்கு ஒவ்வாத வேடிக்கைப் பாட்டுக்களைப் பாடச் செய்தார். அவற்றுள் ஒன்று நாய் குரைக்கும் ஒலியைப் பக்கத்துணையாகக் கொண்டது. பொருளுணர்ந்து பாடுதலையே தம் கலையாகக் கொண்ட ஒருவர்க்கு இதனினும் இழிவு வேண்டுமோ?

எல்லாவற்றிற்கும் மேலாக, 1950-இல் நியூயார்க் விடுதி ஒன்றில் பாடுங்கால் தொண்டையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, வாய்திறந்தும் குரல் எழாது போயிற்று. சில வாரம் பேசவும் கூடாதென மருத்துவர் கட்டளையிட்டனர். அவ்வாண்டே மெட்ரோ கோல்ட்வின் மேயர் படக் கம்பெனி இவரை விலக்கியது. 1952-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியும், இவருக்காக நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்து வந்த நிறுவனமும் கைவிட்டன. டெலிவிஷன் நிகழ்ச்சியும் நின்றது. முப்பத்தாறு வயதில் இவர் கதை முடிந்ததென்றே பலரும் முடிவு கட்டினர்.

மீட்சி

ஜேம்ஸ் ஜோன்ஸ் எழுதிய 'பிரம் ஹியர் டு எடெர்னிட்டி' என்னும் பெருநாவலைக் கொலம்பியா படக் கம்பெனியார் படமாக்க முற்பட்டனர். பெயரால் ஒன்றாயினும் இஃது இசைத்தட்டுக் கம்பெனியின் வேறாயது. 1941-இல் ஹவாய்த் தீவில், ஜப்பானியர் தாக்குதலுக்குச் சற்று முன்னர் அமெரிக்கப் படைவீடு ஒன்றில் நிகழ்வதாக அமைந்த கதை அது. அதில் மாஜியோ என்னும் இத்தாலிய வமிசத்துச் சிப்பாய் வருகிறான். மெலிந்த உடல், அடங்காத வாய், அநீதியைக் கண்டு பொறாத நெஞ்சம். படத்தின்படி இறுதியிற் சிறைக்காவலனால் அடியுண்டு மாள்கிறான். இப்பாத்திரத்தைப் படித்த சினாட்ரா, இவனைத் தாம் ஹோபோக்கன் தெருக்களிற் கண்டிருப்பதாகவே உணர்ந்தார். பாட்டு ஒன்றும் இல்லாத வேடம் அது. முன்னர்ப் பெருந்தொகை பெற்றவர், 8,000 டாலர் போதுமென்று கூறி வேண்டினார். மனைவி நடித்த படத்தின் பொருட்டு ஆப்பிரிக்காவிற்குச் சென்றிருந்தவர், நடிப்புச் சோதனைக்கு அழைப்பு வந்ததும் சொந்தச் செலவில் விமானமேறி ஹாலிவுட்டிற்குத் திரும்பினார். வேடமும் கிடைத்தது. பிரெட் ஸின்னமன் இயக்கிய அப்படம் 1953-இல் வெளிவந்து எட்டு அகாடமிப் பரிசுகள் பெற்றது. 1954 மார்ச்சில் சிறந்த துணை நடிகருக்கான பரிசு சினாட்ராவிற்கு வழங்கப்பட்டது.

இப்படம் ஒன்றே அவரை மீட்டது என்று கூறுவது வழக்கம். காலத்தை நோக்கின் அது முழு உண்மையன்று. படம் வெளிவந்தது 1953 ஆகஸ்டில். அதற்கு முன்னரே, மார்ச்சில், காப்பிடல் இசைத்தட்டுக் கம்பெனி இவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏப்ரல் 30-இல் நெல்ஸன் ரிடில் என்னும் இசையமைப்பாளரோடு இவர் முதன்முதற் பதிவு செய்த பாட்டுக்களில் புதிய சினாட்ராவைக் கேட்கிறோம். இளமையின் தேனொத்த இனிமை சிறிது குறைந்திருந்தது. அதற்கு ஈடாக ஆழமும், உறுதியும், வாழ்வின் கசப்பறிந்த பக்குவமும் சேர்ந்திருந்தன. கலைஞன் முன்னரே ஆயத்தமாயிருந்தான்; படம் உலகத்தாரைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. அவ்வளவே.

விஞ்ஞானமும் மீண்டும் ஒருமுறை துணை செய்தது. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிஷ அளவே பாட்டு அமையும். 1948-இல் வந்த நெடுநேர இசைத்தட்டோ ஒரு பக்கத்திற்கு இருபது நிமிஷத்திற்கு மேலும் இடந்தந்தது. பலர் அதில் தொடர்பற்ற பாட்டுக்களைத் திரட்டி நிரப்பினர். சினாட்ராவும் ரிடிலும், ஒரு தட்டு முழுவதும் ஒரே மனநிலையை வளர்த்துக் காட்டினர். 1955-இல் வெளிவந்த 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' என்னும் தொகுதியில் உள்ள 16 பாட்டுக்களும் நள்ளிரவிற்குப் பின் உறக்கமின்றித் தனித்திருப்பான் ஒருவனுடைய நினைவுகளாகவே அமைந்தன. 1956-இல் வந்த 'சாங்ஸ் பார் ஸ்விங்கிங் லவர்ஸ்' அதற்கு நேர்மாறாக உவகை பொங்குவது. மெல்லிசைப் பாட்டுக்களையும் ஒரு காவியத்தின் படலங்கள் போல வரிசைப்படுத்திப் பெரும்பொருள் உரைக்கலாம் என்னும் எண்ணம் இத்தொகுதிகளால் வேரூன்றிற்று.

நடிப்புத் திறன்

பரிசு பெற்றபின் சினாட்ரா பல படங்களில் நடித்தார். அவற்றுள் இரண்டைச் சிறப்பாகக் கூறலாம். 1955-இல் ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' என்பதில் போதை மருந்திற்கு அடிமையாகி, அதனின்று மீளத் துடிக்கும் சீட்டாட்டக்காரனாக நடித்தார். போதைப் பழக்கத்தைக் காட்டுவதால் அப்படத்திற்கு அமெரிக்கத் தணிக்கைக் குழுவினர் முத்திரை தர மறுத்தனர். முத்திரையின்றியே அது வெளியிடப்பட்டு வெற்றி பெற, மறு ஆண்டில் அவ்விதியே தளர்த்தப்பட்டது. இதற்காகச் சிறந்த நடிகர் பரிசிற்கு இவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசைப் பெற்றவர் எர்னஸ்ட் போர்க்னைன். முந்திய படத்தில் மாஜியோவை அடித்த சிறைக்காவலனாக நடித்தவர் அவரே! மற்றொன்று 1962-இல் வெளிவந்த 'தி மஞ்சூரியன் காண்டிடேட்'. கொரியப் போரிற் பகைவராற் பிடிபட்டு மனங்கலங்கிய ராணுவ அதிகாரியாக இவர் அதிற் காட்டும் அச்சமும் சோர்வும் மிகையின்றி இயல்பாக அமைந்தவை.

இத்திறன் எங்கிருந்து வந்தது? நாடகப் பள்ளியில் இவர் பயின்றதில்லை. பாட்டின் சொல்லைப் படித்துப் பொருளறிந்து, எங்கே நிறுத்துவது, எங்கே விரைவது என்று கற்ற கல்வியே நடிப்பிற்கும் உதவிற்று. ஒலிவாங்கி முன் உரத்துப் பாடவேண்டியதில்லை என்று அறிந்தவர், காமிரா முன்னும் உரத்து நடிக்கவேண்டியதில்லை என்று அறிந்துகொண்டார்.

ஆயினும் குறை ஒன்று உண்டு. இசைப்பதிவின்போது திருப்தி உண்டாகும்வரை பன்முறை பாடுவார். படப்பிடிப்பிலோ முதல் தடவையே உயிருள்ளது, மீண்டும் மீண்டும் செய்தால் சாரம் வற்றிவிடும் என்னும் கொள்கையால், மறுமுறை நடிக்க எளிதில் இசையார். மேலே கூறிய படங்களில் அக்கொள்கை பயன் தந்தது. 1960-களில் நண்பர் குழாத்தோடு கூடி நடித்த படங்கள் பலவற்றிலோ அது சோம்பலாகவே முடிந்தது. பாட்டிற்கு அளித்த உழைப்பை நடிப்பிற்கும் அளித்திருப்பாராயின் இவர் எத்துணை உயர்ந்திருப்பார் என்று எண்ணி வருந்தாதிருக்க முடியவில்லை.

குணமும் குற்றமும்

கலைஞர் தம் உழைப்பின் பயனைத் தாமே ஆளவேண்டும் என்னும் கருத்தால் 1960-இல் இவர் 'ரிப்ரைஸ்' என்னும் இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். பாடியவர்க்கே பதிவுகளின் உரிமை சேரவேண்டும் என்பது அதன் நோக்கம். 1963-இல் அதன் பெரும்பகுதியை வார்னர் கம்பெனிக்கு விற்றுவிட்டாராயினும் அக்கருத்து அழியவில்லை.

நிறமும் மதமும் பற்றி மக்களை வெறுத்தலைக் கண்டிக்கும் 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்னும் பத்து நிமிஷக் குறும்படத்தில் 1945-இல் இவர் நடித்தார்; அதற்குச் சிறப்பு அகாடமிப் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில், இந்தியானா மாகாணத்துக் கேரி நகரில், நீக்ரோ மாணவரோடு சேர்ந்து படிக்கமாட்டோம் என வெள்ளை மாணவர் ஒரு பள்ளியை மறித்தபோது, நேரிற் சென்று அவர்களுக்கு அறிவுரை கூறினார். மறியல் உடனே நின்றிலது. எனினும் தம்மைக் கண்டு மயங்கும் இளைஞரையே எதிர்த்து நின்று பேசிய துணிவு பாராட்டற்குரியது. 1961 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்திற்குப் பொருள் சேர்க்க நியூயார்க் கார்னெகி மண்டபத்திற் பாடினார்.

குணம் கூறிய நாம் குற்றத்தை மறைத்தல் முறையன்று. சினம் இவருக்கு இயல்பு; குடியும் உண்டு. கொள்ளைக் கூட்டத் தலைவரோடு இவர் கொண்ட பழக்கம் நெடுங்காலம் அவதூறிற்கு இடமாயிற்று. 1963-இல் அத்தகையார் ஒருவரைத் தம் விடுதியில் தங்கவிட்டது பற்றி நெவாடா மாகாணத்தார் விசாரிக்கவே, சூதாட்ட விடுதி நடத்தும் உரிமையை இவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கலையின் உயர்வு கலைஞனுடைய ஒழுக்கத்திற்கு நற்சான்றாகாது. ஒழுக்கத்தின் குறை கலையை இல்லையெனவும் ஆக்காது. இரண்டையும் தனித்தனி நிறுத்து நோக்குதலே நடுவுநிலைமை.

இறுதிக்காலம்

1971 ஜூன் மாதத்தில் ஓய்வு பெறுவதாக அறிவித்துப் பாடினார். 1973-இல் மீண்டும் மேடைக்கு வந்தார். 1980 ஜனவரியில் பிரேஸில் நாட்டு ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில் இவர் பாடக் கேட்கத் திரண்டவர் ஏறக்குறைய 1,75,000 பேர். விடுதிப் பரிமாறுபவராயிருந்தவர் 1985-இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். முதுமையிற் குரலும் நினைவும் தளர, பாட்டின் சொற்களை எழுதிக் காட்டும் திரையைப் பார்த்துப் பாடும் நிலை வந்தது. சொல்லையே உயிராகக் கொண்ட பாடகர்க்குச் சொல் மறந்து போதல் எத்துணைத் துயரம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1995 பிப்ரவரியோடு மேடையை விட்டார். 1998 மே 14-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், 82-ஆம் வயதில், காலமானார்.

இவ்வரலாற்றால் அறியத்தக்கன யாவை? வாய்ப்பு எவர்க்கும் இடையிடையே வரும். வேலைநிறுத்தமும், ஒலிவாங்கியும், நெடுநேர இசைத்தட்டும், மாஜியோ வேடமும் சினாட்ராவைத் தேடியே வந்தவை அல்ல. அவை அக்காலத்துப் பாடகர் பலர்க்கும் பொதுவானவை. டார்ஸியின் முதுகைப் பார்த்து மூச்சின் வழியைக் கற்றவரும், பாட்டை முதலிற் பேச்சாகப் படித்தவரும், பெருந்தொகையை விட்டுச் சிறுதொகைக்கு நல்ல வேடத்தைக் கேட்டவரும் அவர்களுள் ஒருவரே. வீழ்ந்த நாளிலும் அவரிடம் எஞ்சியிருந்தது அத்தொழிலறிவுதான். புகழைப் பிறர் கொடுத்தனர், பிறரே பறித்தனர். தொழிலறிவை எவரும் கொடுத்ததில்லை, ஆதலின் எவராலும் பறிக்க இயலவில்லை. இக்கல்லூரியில் பயிலும் மாணாக்கரும், பயின்று வெளியேறி உலகியலில் உழலும் பழைய மாணவரும், தத்தம் துறையில் அத்தகைய அறிவைத் தேடிக்கொள்வாராக.